கிளினிக்கும் பள்ளியும் யார் பொறுப்பில்? வாசகர் கேள்வி – பதில்

அண்மையில் பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்த கடிதங்கள் பலவும் ஒரே விஷயத்தைச் சுற்றி அமைந்திருந்தன. பள்ளி, கிளினிக், கால்வாய், குப்பை என்று அன்றாட வாழ்வைத் தொடும் சேவைகளில் குறை நேர்ந்தால் அதிகாரம் உள்ளவர் யார், அந்த அதிகாரம் மக்களுக்கு அருகில் வந்தால் குறை தீருமா என்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் கேள்வி – பதில் பகுதியை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியின் பின்வேலியை ஒட்டி ஓடும் கால்வாயில் நீர் தேங்கியே நிற்கிறது. இரண்டு பிள்ளைகளுக்கு டிங்கி காய்ச்சல் வந்துவிட்டது. ஊராட்சி மன்றத்தைக் கேட்டால் பள்ளியைக் கேளுங்கள் என்கிறார்கள். பள்ளியில் கேட்டால் மாவட்டக் கல்வி இலாகாவுக்குக் கடிதம் போட்டிருக்கிறோம் என்கிறார்கள். சுகாதார அதிகாரிகள் வந்து புகையடித்துவிட்டுப் போகிறார்கள். உண்மையில் இது யாருடைய பொறுப்பு?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அம்மா, வேலிக்கு உள்ளே இருக்கும் வடிகால் பள்ளியின் பொறுப்பு. வேலிக்கு வெளியே குடியிருப்புப் பகுதியில் ஓடுவது உங்கள் ஊராட்சி மன்றமான மாநகர் மன்றத்தின் பொறுப்பு. அது போய்ச் சேரும் பெரிய கால்வாய் பெரும்பாலும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் பராமரிப்பில் இருக்கும். காய்ச்சல் கண்டதாக மருத்துவர் தெரிவித்தவுடன் அங்கு வந்து கொசுவை ஒழிக்க வேண்டியது மாவட்டச் சுகாதார அலுவலகம். ஆக, ஒரே தண்ணீருக்கு நான்கு பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள். உங்களை அலைய வைத்த பதில்கள் ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது என்பதுதான் இதில் வேதனையானது.

இந்த நிலை, கூட்டரசு எனப்படும் மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் அதிகாரங்களைப் பிரித்துத் தரும், நம் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையிலிருந்து வருகிறது. கல்வியும் மருத்துவமும் அதில் கூட்டரசுப் பட்டியலில் இருக்கின்றன. நிலமும் ஊராட்சியும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. பொதுச் சுகாதாரம், துப்புரவு, நோய்த் தடுப்பு ஆகியவை இரண்டுக்கும் பொதுவான பட்டியலில் வருகின்றன. அதனால், காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மருந்து கொடுப்பவர் கூட்டரசின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவுக்குக் கீழே வேலை செய்கிறார். காய்ச்சலுக்குக் காரணமான கால்வாயைத் தூர்வார வேண்டியவர் மாநிலம் நியமித்த மன்றத்துக்குக் கீழே வேலை செய்கிறார். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அன்றாட நிர்வாகத்தில் மிகக் குறைவாகவே இருக்கிறது.

உங்கள் பள்ளி அரசாங்கப் பள்ளியா, அரசாங்க உதவி பெறும் பள்ளியா என்பதையும் விசாரித்துப் பாருங்கள். நாட்டிலுள்ள 520-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை உதவி பெறும் பள்ளிகளே. அவற்றில் ஆசிரியர்களின் சம்பளத்தைக் கல்வி அமைச்சு கொடுக்கிறது. நிலமும் கட்டடமும் பள்ளி வாரியத்தின் கவனிப்பில் இருக்கின்றன. அத்தகைய பள்ளியில் உடைந்த வடிகாலைக் கட்ட வேண்டுமானால் வாரியம் பணம் திரட்ட வேண்டும், அல்லது சிறப்பு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து வரும் மானியம், 150 பேருக்கும் குறைவான பிள்ளைகள் படிக்கும் சிறிய பள்ளிகளுக்கு அன்றாடச் செலவுக்கே போதாது.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். நீர் தேங்கும் இடத்தையும் வேலியையும் சேர்த்துப் படம் எடுங்கள். ஒரே கடிதத்தை மாநகர் மன்றம், மாவட்டச் சுகாதார அலுவலகம், மாவட்டக் கல்வி இலாகா ஆகிய மூன்றுக்கும் அனுப்புங்கள்; ஒவ்வொரு பிரதியிலும் மற்ற இருவருக்கும் அனுப்பியிருப்பதைத் தெளிவாக எழுதுங்கள். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டம், கொசு உற்பத்தியாகும் இடத்தைச் சுத்தப்படுத்துமாறு அந்த இடத்துக்கு உரியவருக்கு உத்தரவிடும் அதிகாரத்தைத் தருகிறது. பள்ளி வளாகமும் அதற்கு விலக்கு அல்ல.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். கல்வியையும் சுகாதாரத்தையும் மாநில அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டால் இத்தனை அலைச்சல் இருக்காதே? பக்கத்தில் இருப்பவருக்குத்தானே நம் குறை தெரியும்?
– வாசகர், நிபோங் திபால்

பதில்: ஐயா, பக்கத்தில் இருப்பவருக்குக் குறை தெரியும் என்பதில் ஐயமில்லை. ஆனால் குறையைத் தெரிந்துகொள்வது ஒன்று. அதைத் தீர்க்கப் பணமும் ஆளும் கையில் இருப்பது வேறொன்று. இதை நம் சமூகம் தன் வரலாற்றிலேயே அனுபவித்திருக்கிறது.

மலாயாவில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி செல்லும் வயதில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. தோட்டத்து மருத்துவமும் நிர்வாகத்தின் பொறுப்பாகவே இருந்தது. பொறுப்பு அதைவிடக் கீழே இறங்க முடியாது. பள்ளியும் மருந்தறையும் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டு வாசலிலேயே இருந்தன. விளைவு என்ன? பல தோட்டங்களில் ஒரே கொட்டகையில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புகளையும் சேர்த்து நடத்தினார். தோட்ட எழுத்தரான கிராணிக்குக் கணக்கு எழுத ஆள் தேவைப்பட்டால் ஆசிரியரை அழைத்துக்கொள்வார்கள். அன்றைக்குப் பாடம் கிடையாது. நோய் வந்தால் மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர் ஒருவரே மருத்துவர், தாதி, மருந்தாளர் எல்லாமாக இருந்தார். நல்ல துரை வாய்த்த தோட்டத்தில் பிள்ளைகள் படித்தார்கள், மற்றத் தோட்டங்களில் பால்மரக் காட்டுக்குப் போனார்கள். எந்தத் தோட்டத்தில் பிறந்தோம் என்பதைப் பொறுத்தே ஒரு பிள்ளையின் வாழ்வு அமைந்தது. பணமும் தரக் கட்டுப்பாடும் இல்லாமல் பொறுப்பை மட்டும் கீழே தள்ளுவதன் பலனுக்கு இதைவிடத் தெளிவான சான்று நமக்குத் தேவையில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு கூட்டரசு நேரடியாக அமைத்த கிராமச் சுகாதாரச் சேவை இதற்கு நேர்மாறான படிப்பினையைத் தருகிறது. தாய் சேய் நல நிலையங்களும் பயிற்சி பெற்ற பேறுகாலத் தாதியரும் கம்பங்களுக்கு, அதாவது கிராமங்களுக்கு, சென்றதன் பயனாக, 1957-இல் ஆயிரம் பிறப்புகளுக்கு 75 அளவில் இருந்த குழந்தை இறப்பு, பின்னர் பத்துக்கும் கீழே இறங்கியது. இன்றும் நிபோங் திபால் கிளினிக்கிலும் கோலாலம்பூரின் பங்சார் கிளினிக்கிலும் குடிமக்கள் அதே ஒரு வெள்ளியைத்தான் கட்டணமாகக் கட்டுகிறார்கள். இந்தச் சமத்துவத்தை மத்திய நிர்வாகம் தந்தது. ஆனால் அந்தக் கிராமச் சேவை, தனியார் நிலம் என்று கருதப்பட்ட தோட்டங்களுக்கு நெடுங்காலம் முழுமையாகப் போய்ச் சேரவில்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது. மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தோட்டத்து லயம் தெரியவில்லை. மையத்தின் பலமும் பலவீனமும் அந்த ஒரே இடத்தில் வெளிப்பட்டன.

பிற நாடுகளின் அனுபவமும் இதையொட்டியே இருக்கிறது. பிலிப்பைன்ஸ் 1991-இல் இயற்றிய ஊராட்சிச் சட்டம், மாவட்ட மருத்துவமனைகளை மாகாணங்களிடமும் கிராமச் சுகாதார நிலையங்களை நகராட்சிகளிடமும் ஒப்படைத்தது. பல்லாயிரம் சுகாதார ஊழியர்கள் ஊராட்சிகளின் ஊழியர்களாக மாறினார்கள். ஆனால் வருவாய்ப் பங்கீட்டில் மாகாணங்களுக்கு 23 விழுக்காடும் பெருநகரங்களுக்கு அதே 23 விழுக்காடும் என்று வகுத்துவிட்டார்கள். மருத்துவமனைகளின் செலவு முழுவதும் மாகாணங்களின் தலையில் விழுந்தது. பெருநகரங்களுக்கு அந்தச் சுமை அவ்வளவாக இல்லை. பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே தாதியரின் சம்பளம் வேறுபட்டது. மருந்து இல்லாத கிளினிக்குகள் பெருகின. மாகாண அளவில் சுகாதாரச் சேவையை மறுபடியும் ஒருங்கிணைக்க அந்த நாடு 2019-இல் புதிய சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

உகாண்டாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1990-களின் முற்பகுதியில், தொடக்கப்பள்ளிகளுக்கென்று மத்திய அரசு மாவட்டங்களின் வழியாக அனுப்பிய மானியத்தில் சராசரியாக 13 விழுக்காடு மட்டுமே பள்ளிகளைச் சென்றடைந்ததாக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மீதியெல்லாம் மாவட்ட அலுவலகங்களின் கையிலேயே நின்றுவிட்டது. அரசு விழித்துக்கொண்டு, எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு பணம் அனுப்பப்பட்டது என்பதை நாளிதழ்களில் வெளியிட்டது; பள்ளிச் சுவரிலும் எழுதி ஒட்டச் செய்தது. தங்கள் பள்ளிக்கு வர வேண்டிய தொகை பெற்றோருக்குத் தெரிந்த பிறகு, பள்ளிகளை அடையும் பங்கு பல மடங்கு உயர்ந்தது. பணம் மேலிருந்து வந்தாலும் கணக்கு கீழே இருப்பவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதை இதைவிட நன்றாக உணர்த்தும் நிகழ்ச்சி எனக்குத் தெரியாது.

நம் பெற்றோர் பலருக்கு அறிமுகமான கேரளத்தையும் பாருங்கள். 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை ஊராட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஆரம்பச் சுகாதார நிலையங்களும் அரசுப் பள்ளிகளும் ஊராட்சிகளின் மேற்பார்வைக்கு மாறின. ஆனால் மருத்துவர், ஆசிரியர் சம்பளத்தை மாநில அரசே தொடர்ந்து கொடுத்தது. கட்டடம், குடிநீர், கழிப்பறை, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டுக்கே சென்று கவனிக்கும் சேவை ஆகியவற்றை ஊராட்சி ஏற்றது. தமிழ்நாடோ மருந்துக் கொள்முதலை மையத்திலேயே வைத்துக்கொண்டது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக வாங்குவதால் விலையும் குறைந்தது, கிராம நிலையங்களுக்கும் மருந்து ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

ஆகவே என் கருத்து இது. சம்பளம், மருந்து, பாடத்திட்டம், தரக் கட்டுப்பாடு ஆகியவை கூட்டரசிடமே இருக்கட்டும். பராமரிப்பு, சிறு கட்டுமானம், போக்குவரத்து, கிளினிக் திறக்கும் நேரம், பள்ளிச் சூழலின் துப்புரவு ஆகியவற்றை அவற்றுக்குரிய பணத்தோடு மாவட்ட அளவில் கொடுக்க வேண்டும். பணமில்லாமல் கொடுப்பதாக இருந்தால், இப்போதுள்ளபடியே இருப்பது மேல். மாநிலங்களுக்கு நிலவரியும், மக்கள்தொகையைப் பொறுத்துக் கூட்டரசு தரும் தலைக்கணக்கு மானியம் போன்ற சிலவும் தவிரப் பெரிய வருவாய் இல்லை. பினாங்கு அரசாங்கம் 2009 முதல் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் ஒதுக்கீடு செய்து வருவது போற்றத்தக்கது. ஆனால் மாநில வருவாயைக் கொண்டு ஆசிரியர் அனைவருக்கும் மாநிலமே சம்பளம் கொடுக்க வேண்டும் என்றால் தாங்காது.

கேள்வி: கோலாலம்பூரில் எங்களுக்கு மாநில அரசாங்கமே இல்லை. அப்படியானால் கூட்டரசும் மாநகர் மன்றமும் ஒரே கையில் இருப்பதால் வேலை எளிதாக நடக்க வேண்டுமே?
– வாசகர், செந்தூல்

பதில்: எதிர்பார்ப்பு நியாயமானது, தம்பி. 1974 பிப்ரவரி 1 முதல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாக இருக்கிறது. அரசியலமைப்பே கூட்டரசுத் தலைநகரின் துப்புரவைக் கூட்டரசுப் பட்டியலில் வைத்திருக்கிறது. பட்டியல்களுக்கிடையே உள்ள இழுபறி அங்கு இல்லை. ஆனால் முறையிடப் போகும் இடமும் குறைந்துவிட்டது. 2020 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 17 லட்சம் மக்கள் வாழும் பினாங்கில் 40 சட்டமன்ற உறுப்பினர்களும் 13 நாடாளுமன்ற உறுப்பினர்களும் இருக்கிறார்கள். அதைவிட அதிக மக்கள் வாழும் கோலாலம்பூருக்கு 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள் மட்டுமே. மாநகர் மன்றத் தலைவரான டத்தோ பண்டாரைக் கூட்டரசு நியமிக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்ற உறுப்பினருக்கு மாநகர் மன்றத்தின் வரவு செலவுத் திட்டத்தில் வாக்களிக்கும் உரிமை இல்லை. உங்கள் அடுக்குமாடியின் குப்பைத் தொட்டியைப் பற்றிய முடிவு அமைச்சரின் பார்வைக்குக் கீழே எடுக்கப்படுகிறது என்றால், அந்த முடிவு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பாருங்கள். அதிகாரம் ஒரே கையில் இருப்பது மட்டும் போதாது. அந்தக் கையைப் பிடித்துக் கேட்கும் வழி மக்களுக்கு வேண்டும்.

கேள்வி: ஊராட்சித் தேர்தல் மீண்டும் வந்தால் நிலைமை மாறும் என்று சிலர் சொல்கிறார்கள், இனப் பிரச்சினை வரும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். உங்கள் நிலைப்பாடு என்ன?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: அம்மா, மலாயாவின் முதல் ஊராட்சித் தேர்தல் 1951 டிசம்பரில் உங்கள் ஜார்ஜ்டவுனில்தான் நடந்தது. கோலாலம்பூர் மறு ஆண்டு பிப்ரவரியில் வாக்களித்தது. ஜார்ஜ்டவுன் மன்றம் அக்காலத்தில் குடிநீர், மின்சாரம், பேருந்து ஆகியவற்றையும் தானே நடத்தியது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965-இல் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், மன்ற உறுப்பினர்களை மாநில அரசாங்கம் நியமிக்கும் முறையை நிலைப்படுத்தியது.

இடையில் நடந்ததை நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும். சில மன்றங்களின் மீது முறைகேட்டுக் குற்றச்சாட்டுகள் எழுந்ததால் அரசாங்கம் அரச விசாரணை ஆணையம் அமைத்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் அதி நாகப்பன். முறைகேடுகளையும் நிர்வாகக் குறைகளையும் ஆராய்ந்த பிறகும், 1968-இல் முடித்த அறிக்கையில் அந்த ஆணையம் தேர்தல் முறை தொடர வேண்டும் என்றே பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையை அரசாங்கம் ஏற்கவில்லை. பினாங்கு 2012-இல் தனக்கென்று ஊராட்சித் தேர்தல் சட்டம் இயற்றியது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடமளிக்கவில்லை.

நான் அந்த ஆணையத்தின் பக்கம் நிற்கிறேன். நியமிக்கப்பட்ட உறுப்பினர்களில் அக்கறையோடு உழைப்பவர்களை எனக்குத் தெரியும். ஆயினும் அப்படிப்பட்ட ஓர் உறுப்பினரின் பதவி கட்சியின் கையில் இருக்கும் வரை, கால்வாயைப் பற்றிய புகார் அவருக்கு ஒரு வேண்டுகோளாக மட்டுமே இருக்கும். பதவி உங்கள் வாக்கில் தங்கியிருந்தால் அதுவே கட்டளையாகிவிடும். இன அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. நகரங்களில் ஓர் இனத்தாருடைய ஆதிக்கம் ஏற்படலாம் என்ற கவலை பலருக்கு உண்டு. சிறுபான்மையாகச் சிதறி வாழும் நம் சமூகத்துக்கே அந்தக் கவலை மற்றவர்களைவிட அதிகமாக இருக்க வேண்டும். தொகுதி எல்லைகளை நியாயமாக வகுப்பதும், சில இடங்களைப் பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் ஒதுக்குவதும் அதற்குரிய வழிகள். அச்சத்தைச் சொல்லி அறுபது ஆண்டுகளாக வாக்குரிமையை நிறுத்தி வைப்பது வழியாகாது.

கேள்வி: சரவாக் மட்டும் சுகாதாரத்திலும் கல்வியிலும் கூடுதல் அதிகாரம் கேட்கிறது. பினாங்கு ஏன் கேட்கக் கூடாது?
– வாசகர், பாகான் டாலாம்

பதில்: கேட்கலாம், ஆனால் சரவாக்கின் நிலை வேறு. மலேசியா உருவாகக் காரணமான 1963 மலேசிய ஒப்பந்தத்தின் வழி வந்த சிறப்பு உரிமைகள் அதற்கு உண்டு; முன்பு அங்கே ஊராட்சி மன்றங்களே தொடக்கப்பள்ளிகளை நடத்திய வரலாறும் உண்டு. பெட்ரோலிய விற்பனை வரி போன்ற வருவாயும் இருக்கிறது. பாழடைந்த பள்ளிகளைத் தானே பழுதுபார்க்க முன்வரும் பண வலிமை அதனால் வந்தது. தீபகற்ப மாநிலங்களில் சிலாங்கூர் தன் சொந்தப் பணத்தில் 2021-இல் தடுப்பூசித் திட்டம் நடத்தியதை நினைவுகூரலாம். அதுவும் வருவாய் உள்ள மாநிலத்தால்தான் முடிந்தது. எல்லா மாநிலங்களுக்கும் ஒரே அளவு அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு வருவாயைச் சமப்படுத்தாமல் விட்டால், பெர்லிஸில் பிறந்த பிள்ளைக்கும் சிலாங்கூரில் பிறந்த பிள்ளைக்கும் இடையே உள்ள தூரம் கூடும்.

கேள்வி: சட்டம் மாறும் வரை காத்திருக்க எங்களால் முடியாது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் இன்றைக்கே செய்யக் கூடியது என்ன?
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: அம்மா, பயன்படுத்தப்படாமல் கிடக்கும் வழிகள் சில இருக்கின்றன. சுகாதார கிளினிக்குகளுக்கு ஆலோசனைக் குழுவும் அரசாங்க மருத்துவமனைகளுக்கு வருகையாளர் வாரியமும் உண்டு. வட்டாரத்து மக்கள் அவற்றில் இடம்பெறலாம். உங்கள் கிளினிக்கின் பொறுப்பதிகாரியிடம் ஆலோசனைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். தமிழ் பேசும் ஒருவரும் இல்லையென்றால் உங்கள் சங்கம் ஒருவரை முன்மொழியட்டும். மருந்துச் சீட்டைப் புரிந்துகொள்ள முடியாமல் திரும்பும் முதியவர்களின் சிரமத்தை அங்கே எடுத்துச் சொல்ல அவரால் முடியும்.

ஊராட்சிச் சட்டத்தின்படி மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் செய்தியாளர்களுக்கும் திறந்தவை. செபராங் பிறை மாநகர் மன்றத்தின் கூட்டத்தில் பார்வையாளராக அமர உங்களுக்கு உரிமை உண்டு. பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம் 2012 முதல் இரண்டு ஊராட்சி மன்றங்களோடும் சேர்ந்து, அடுக்குமாடிக் குடியிருப்பாளர்களே செலவின் முன்னுரிமையை வாக்களித்துத் தீர்மானிக்கும் முறையைச் செயல்படுத்தியது. பள்ளியைச் சுற்றியுள்ள நடைபாதைக்கும் கால்வாய்க்கும் அதே முறையைக் கோரி உங்கள் சங்கம் எழுதலாம்.

பினாங்கில் 2015 முதல் நடைமுறையில் உள்ள தகவல் உரிமைச் சட்டமும் இருக்கிறது. மாநில இலாகாக்களிடமும் ஊராட்சி மன்றங்களிடமும் உங்கள் பகுதிக் கால்வாய்ப் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, குத்தகையாளர் எத்தனை முறை தூர்வார வேண்டும் என்று அதன்கீழ் விண்ணப்பித்துக் கேட்கலாம். ஆனால் கல்வி இலாகாவும் சுகாதார இலாகாவும் கூட்டரசு அமைப்புகள் என்பதால் அந்தச் சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்தாது. அவற்றின் கணக்கைப் பெற நாடாளுமன்ற உறுப்பினரின் வழியாக எழுத்துப்பூர்வக் கேள்வி எழுப்புவதே நடைமுறையில் உள்ள வழி. பள்ளியின் பெயர், ஆண்டு, எந்த ஒதுக்கீடு என்பவற்றைத் துல்லியமாகக் குறிப்பிட்டு நீங்களே கேள்வியை எழுதிக் கொடுங்கள். நாடாளுமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடர் தொடங்குவதற்கு நன்கு முன்னதாகவே அது அவருடைய சேவை மையத்தில் இருக்க வேண்டும்.